அறுபது சாவிக்காரி தக் மிரான்

எங்கள் கம்பெனியில் எது பழுதானாலும் முதலில் கூப்பிடுவது தக் மிரானைத்தான். கம்ப்யூட்டர் என்றால் நியாயம், அது அவள் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் சுற்றவில்லை என்றும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிளக் இருந்தால் மிரான், பிளக் இல்லாவிட்டால் நான். நான் கோங் சுனே, பொது நிர்வாகம். நாற்காலி, காபித்தூள், கல்யாணத்துக்கும் இழவுக்கும் அனுப்புகிற பூவளையம் எல்லாம் என் தலையில். ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாத வேலை, பிசகினால் மட்டும் ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். எங்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

மிரான் ஆள் குள்ளம், நாற்பதைத் தாண்டியவள். ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால்தான் கொண்டை போடுவாள். சர்வர் அறை குளிரும் என்று கோடையிலும் ஒரு சாம்பல் நிறப் பஞ்சுச் சட்டை. கோபம் வந்தால் கத்தமாட்டாள், கிடக்கிற ஒயரையெல்லாம் எடுத்துச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாள். சர்வர் அறை பளிச்சென்று இருந்தால் அந்த வாரம் கம்பெனியில் ஏதோ சரியில்லை என்று நான் தெரிந்துகொள்வேன்.

அவள் அம்மா பூசான் துறைமுகத்துப் பக்கம் ஒரு பொதுக் குளியல் கூடத்தில் சாவி கொடுக்கிற கவுண்டரில் இருந்தவர். மிரான் பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவாளாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, வருகிறவர்களுக்கு லாக்கர் சாவியை எடுத்துக் கொடுப்பாளாம். அதனால்தானோ என்னவோ, இந்த நெட்வொர்க் சமாசாரத்தை எனக்கு அவள் விளக்கியதும் குளியல் கூடக் கணக்கில்தான்.

எங்கள் கம்பெனி கிம் விற்கிறது. கடலில் விளைகிற பாசியைத் தாளாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, உப்புத் தூவி, வறுத்து, டப்பாவில் அடைத்துத் தருகிறோம். தலைமை ஆபீஸ் பூசானில். ஆலை கோஹுங் கடற்கரையில். விற்பனைக் கிளைகள் தேஜனிலும் இன்சோனிலும். அது போக, தொற்றுநோய்க் காலத்தில் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே நன்றாக வேலை பார்த்துக் காட்டியதால் அங்கேயே இருந்துவிட்டவர்கள் கொஞ்சம் பேர். சரக்கு எவ்வளவு, ஆர்டர் எவ்வளவு என்கிற கணக்கு முழுவதும் பூசானில் ஒரே மெஷினுக்குள் இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து பார்க்க நினைத்தாலும் முதலில் எங்கள் சர்வர் அறையில் இருக்கும் ஒரு பெட்டி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

“அந்தப் பெட்டிதான் கவுண்டர் அக்கா. அறுபது சாவி இருக்கு. அறுபதும் போயிடுச்சுன்னா, அறுபத்தொண்ணாவது ஆள் துண்டோட வெளியதான் நிக்கணும்” என்பாள் மிரான்.

துண்டோடு வெளியே நின்றவள் யோம் ஹேயின்.

ஹேயின் ஆர்டர் பிரிவு. எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பெண். ஆலைக்குப் பாசி கொடுக்க வந்த ஒரு கடல் விவசாயியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு கோஹுங் போய்விட்டாள். சரக்கு வாங்கச் சொன்னால் சப்ளையரையே வாங்கிவிட்டாள் என்று எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறோம். குழந்தை அங்கே பள்ளியில் சேர்ந்துவிட்டது. புருஷனுக்குக் கடல்தான் வயல், அதைத் தூக்கிக்கொண்டு பூசானுக்கு வர முடியாது. ஹேயின் அடுக்களைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தேஜன் கிளையில் இருக்கும் மா மேனேஜருக்குக் கீழே வேலை செய்தாள். ஆபீஸில் இருந்த காலத்தைவிட நன்றாகவே செய்தாள்.

மா மேனேஜரைத் திட்டப்போகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்ட மனிதர் இல்லை. இருபது வருஷமாக விற்பனையைத் தோளில் சுமக்கிறவர். ஆனால் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன்தான் வேலை செய்கிறான் என்று நம்புகிற பழைய கட்டை.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் எங்களுக்கு உயிர் போகிற நேரம். நாடு முழுக்க ஒருவருக்கொருவர் கிம் பெட்டியைப் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு மாலையில் டிவி விற்பனைச் சேனல் ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. உடனே சரக்கைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஹேயின் உள்ளே வரப் பார்த்தாள். சாவி இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. அவள் காலையில் உள்ளே நுழைவதற்குள் சேனல்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் எல்லாக் கிளையும் திரையில் கூடியிருந்த கூட்டத்தில் மா மேனேஜர் பொரிந்து தள்ளினார்.

“வீட்ல உக்காந்துக்கிட்டு சோறும் பொங்கணும், ஆர்டரும் பாக்கணும்னா இப்படித்தான் ஆகும். ஆபீஸ்ல ஒரு மேசை இருந்திருந்தா இது நடந்திருக்குமா?”

ஹேயின் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கதவு பூட்டியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி குக் ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிரானிடம் பேசினார். பண்டிகைக்குள் இதற்கு ஒரு வழி செய், வேறு நெட்வொர்க் தேவை என்றால் தேர்ந்தெடுத்துச் சொல், இல்லாவிட்டால் பண்டிகை முடிந்ததும் வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்பட்டும் என்றார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் ஹேயினுக்கு அதற்கு ஒரே அர்த்தம், ராஜினாமா.

அன்றைக்கே ஹேயின் மிரானுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். “அக்கா, உங்களால முடியலன்னா பரவால்ல. எனக்காக யார்கிட்டயும் சண்டை போடாதீங்க” என்றாள். மிரான் போனை வைத்துவிட்டுத் தரையில் கிடந்த ஒரு நீல ஒயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நெட்வொர்க் விற்கிற மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காபி போட்டது நான், அதனால் மூவர் சொன்னதையும் கேட்டேன்.

முதல் ஆள் முதலாளி படித்த பள்ளியில் படித்தவர், சில வகுப்பு இளையவர். வந்ததும் இருவரும் பள்ளி மைதானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் விற்க வந்தது இப்போது இருப்பதைவிடப் பெரிய பெட்டி, இருநூறு சாவி. இரண்டாவது ஆள் கிளைக்கும் கிளைக்கும் நடுவே தனி லைன் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒரு ஈ நுழையாது என்றார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வது என்று மிரான் கேட்டபோது, அவர்களுக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்று தன் காபியைப் பார்த்தார்.

மூன்றாவதாக வந்தவள் சின்னக் கம்பெனிப் பெண், பெயர் சூ போங்ஹி. அவள் சொன்னது எனக்கே புரிந்தது. எல்லோரையும் பூசான் வரை இழுத்து ஒரே கதவில் விடாதீர்கள் என்றாள். அந்தந்தக் கிளை அதற்குப் பக்கத்தில் இருக்கும் பாதையில் போகட்டும், வழியிலேயே காவல் இருக்கும். ஒவ்வொரு ஆளும் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் திறக்கட்டும், திறக்கும்போதெல்லாம் நீ யார், இது உன் கம்ப்யூட்டர்தானா என்று அது சரிபார்த்துக்கொள்ளும். ஆர்டர் பார்க்கிறவள் சம்பளப் பட்டியல் இருக்கும் பக்கமே போக முடியாது.

மூவரிடமும் மிரான் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். ஒருத்தர் வேலையை முடித்துவிட்டு, அணைக்காமல் எழுந்து போய்விட்டால் உங்கள் சாமான் என்ன செய்யும்? பள்ளித் தோழர் பெருமையாகச் சொன்னார், ராத்திரி முழுக்க இணைப்பு அறுபடாது, அவ்வளவு உறுதி என்று. போங்ஹி மட்டும், “எங்க முறையில உள்ளன்னு ஒரு இடமே இல்லைங்க, உக்காந்திருக்க. பக்கத்த மூடினா முடிஞ்சது. மூட மறந்தாலும் கொஞ்ச நேரத்துல அதுவே மூடிக்கும்” என்றாள்.

இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். மிரானுக்கு ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்ததாம். கம்பெனியில் வெளியிலிருந்து வருகிறவர்கள் எண்பது பேருக்குள்தான். பகலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பதால் அறுபது சாவி போதுமானதாகவே இருக்கிறது. எல்லோரும் வேலை முடித்துச் சாப்பிடப் போகிற மாலையில்தான் ஒரு சாவிகூட மிஞ்சுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கத்தையும் திறக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தப் பெட்டியில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று இருப்பதாக, அதைச் செய்தவர்களே கோடையில் சொல்லி, அடைக்க மருந்தும் அனுப்பியிருந்தார்கள். மருந்து போடப் பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். உள்ளே ஆள் இல்லாத நேரமே கிடைக்கவில்லை. இது போதாதென்று, காத்திருந்து சலித்த இன்சோன் கிளைக்காரர்கள், வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்க ஏதோ ஓசி மென்பொருளைப் போட்டு, நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு ஒன்று இரண்டு மூன்று நான்கு. அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கிய அன்று சர்வர் அறையில் சுருட்ட ஒயரே மிச்சமில்லை.

எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பினாள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கவும், தயவுசெய்து. பத்து நிமிஷத்தில் எல்லோரிடமிருந்தும் “சரிங்க, அப்படியே செய்யறோம்” என்று பதில் வந்தது. அன்று மாலையும் அறுபது சாவியும் வெளியே.

அவளை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் பன்றிச் சூப்புச் சோறு சாப்பிடப் போனேன். அவள் கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து, எங்கள் ஆபீஸ் செயலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவுக்குள் இருக்கிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். பெயருக்குப் பெயர் பச்சை. மா மேனேஜர் பெயரிலும் பச்சை. ஆனால் அன்றைக்கு மா மேனேஜரின் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து, பூவளையம் அனுப்பியதே நான்.

“போன் போடு” என்றேன்.

“அவருக்கா? இந்த நேரத்துலயா?”

“நீ போடலன்னா நான் போடறேன். பூவளையம் வந்துச்சான்னு கேக்கற சாக்குல.”

மிரானே போட்டாள். ஸ்பீக்கரில் தட்டுச் சத்தமும் யாரோ பாடுகிற சத்தமும் கேட்டன. சார், நீங்கள் வேலையிலா இருக்கிறீர்கள், பச்சை எரிகிறதே என்று மெதுவாகக் கேட்டாள்.

“வேலையா? விருந்துல இருக்கேம்மா. லேப்டாப்பு வீட்ல ஓடிட்டிருக்கு. அணைக்கச் சொல்றியா? எப்படி அணைக்கறது? முதலாளி விளக்கு இன்னும் எரியுதே. அந்த வயசுல அவர் உக்காந்து வேலை பாக்கும்போது, நான் அணைச்சிட்டுப் போனா என்ன நினைப்பார்?”

மிரான் போனை வைத்தாள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆபீஸில் மேலதிகாரி கிளம்பும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழமாட்டோம். முடித்த வேலையையே புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனால் அது விட்டுப்போகும் என்று நினைத்தது எங்கள் மடத்தனம். முதலாளிக்காக மா மேனேஜர், மா மேனேஜருக்காக அவருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும், ஆளுக்கொரு சாவியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். உண்மையில் வேலை செய்ய வந்த ஹேயின் வெளியே நின்றாள்.

“இருநூறு சாவி வாங்கினாலும் இருநூறும் போயிடும் அக்கா” என்றாள் மிரான். அப்புறம்தான் கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் பரிசுப் பெட்டி மாதிரிகளைக் காட்ட முதலாளி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் காலையில் மட்டும் ஆபீஸ் வருவார், பிற்பகலுக்கு மேல் வீடுதான். மிரானையும் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்தே இருந்தது. திரையில் கோஹுங் ஆலையின் கேமரா. காய்கிற கூடத்தில் கருப்புத் தாள்கள் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன.

இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்களா ஐயா என்று மிரான் கேட்டாள். ஆமாம் என்றார். அவர் அப்பா மூங்கில் தட்டியில் கிம் காயவைத்தவராம். இது நகர்வதைப் பார்த்தால் மனசு அடங்குகிறதாம். மத்தியானம் வந்து போட்டால் அது பாட்டுக்கு ஓடும், நான் சோபாவிலேயே தூங்கிவிடுவேன் என்று சிரித்தார். பச்சை விளக்கு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

மிரான் என்னைப் பார்த்தாள். இதை எப்படிச் சொல்வது? அவ்வளவு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனதற்கும் ஒரு பெண் எல்லோர் முன்னாலும் தலை குனிந்ததற்கும் நீங்கள் கிம் பார்த்ததுதான் காரணம் என்று முதலாளி முகத்துக்கு நேரே யார் சொல்வது? நானே வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“ஐயா, நீங்க தூங்கினது மா சாருக்குத் தெரியாது. உங்க விளக்கு எரியற வரைக்கும் அவர் போகமாட்டார். அவர் போகாம யாரும் போகமாட்டாங்க. அன்னிக்கு ஹேயினுக்கு உள்ள வர இடம் இல்லாம போனது அதனாலதான். அவ வீட்ல இருந்ததால இல்ல.”

அவர் லேப்டாப்பின் மூடியில் கை வைத்தார்.

“அப்ப நான் இதை அணைச்சிட்டா சரியாப் போயிடுமா?” என்றார்.

இன்றைக்குச் சரியாகும் என்றாள் மிரான். நாளைக்கு மா சார் எரியவிட்டுத் தூங்கினால் மறுபடி இதேதான். பெட்டியின் ஓட்டை, இன்சோன் கிளை செய்த வேலை எல்லாவற்றையும் சொன்னாள். கதவை இறுக்கி ஜனங்களை வெளியே நிற்கவைத்தால் அவர்கள் சுவரில் ஓட்டை போடுவார்கள் என்றாள். யாரும் யாருக்காகவும் உள்ளே உட்கார்ந்திருக்கத் தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன் என்றாள். அதில் யார் உள்ளே இருக்கிறார் என்று காட்டும் விளக்கே கிடையாது.

“ஸ்கூல் தம்பிகிட்ட நான் என்னம்மா சொல்லுவேன்?”

“கிம் பெட்டி ஒண்ணு பெருசா அனுப்பிடறேன் ஐயா” என்றேன் நான். அப்போதுதான் சிரித்தார். பண்டிகைக்குள் கோஹுங்கிலும் இன்சோனிலும் பரீட்சை பண்ணிக் காட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றார்.

மிரான் போங்ஹியைக் கூட்டிக்கொண்டு கோஹுங் போனாள். ஹேயின் வீட்டில், அவள் ஆர்டர் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாளாம். திரை ஒரு நொடி தயங்கி, செல்போன் வழியாகப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஓடியதாம். ஹேயினின் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு நுழையப் பார்த்தாள், விடவில்லை. பாஸ்வேர்டு சரிதானே என்று மிரான் மல்லுக்கு நின்றும் விடவில்லை. அதில்தான் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். உங்கள் காவலே படுத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது என்று போங்ஹியைக் கேட்டு, அதற்கும் ஒரு மாற்று வழியை எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

மா மேனேஜர் மட்டும் முரண்டு பிடித்தார். விளக்கு இல்லாவிட்டால் யார் வேலை செய்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். லாரி கிளம்பினால் தெரியும் சார் என்றாள் மிரான். முதலாளியிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். இனி அந்தக் கேமராவைப் போனிலேயே பார்க்கலாம், யார் இடத்தையும் அடைக்காது. அவர் மலையேறப் போன இடத்திலிருந்து கூப்பிட்டு, காய்கிற கூடம் கையிலேயே தெரிகிறது என்று குழந்தை மாதிரி சொன்னார்.

பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள். கடைசி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாக் கிளையும் திரையில் கூடியது. முதலாளி சுருக்கமாகப் பேசினார். இன்றிலிருந்து எல்லாக் கிளைக்கும் புதிய முறைதான், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு ஆர்டர் போனது யோம் ஹேயின் தப்பு இல்லை, என் வீட்டில் ஒரு விளக்கை நான் அணைக்க மறந்ததால் வந்தது என்றார். மா மேனேஜர் முகம் சிவந்துபோனது. ஹேயின் கேமராவை அணைத்துவிட்டாள். அழுதிருப்பாள். நான் அழுதேன், அதை மறைக்க எனக்கு என்ன இருக்கிறது.

கூட்டம் கலைந்தது. மாலையானது. ஆர்டர் பிரிவின் அரட்டைப் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. விளக்கு இல்லை, யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரியவில்லை. எப்போது எழுந்திருப்பது என்று அத்தனை பேருக்கும் குழப்பம். மிரானும் நானும் சர்வர் அறையில், அந்தப் பழைய பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் எழுதியது ஹேயின்தான்.

“மேனேஜர் சார், இன்னிக்கு ஆர்டர் எல்லாம் லாரி ஏறிடுச்சு. நான் முதல்ல கிளம்பறேன்.”

ஆபீஸில் மேலதிகாரிக்கு முன்னால் கிளம்புகிறவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சொல்கிற வார்த்தை அது. அடுக்களைப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறவளிடமிருந்து அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மிரான் என் கையைப் பிடித்தாள். மா மேனேஜர் எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பது தெரிந்தது. கடைசியில், ஆபீஸில் எதிரே நின்று விடைபெறுகிறவர்களுக்குச் சொல்கிற அதே பதில் வந்தது.

“நாள் முழுக்கக் கஷ்டப்பட்டிருக்கே. பாத்து வீட்டுக்குப் போ.”